நாள் சீட்டு வாங்கலாமா, வேண்டாமா?

வெளியூர் ஒன்றில் அதிகாலையில் வந்து இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோளில் ஒரு பை. சட்டைப்பையில் எண்ணி வைத்த பணம். மனத்தில் பார்க்கவேண்டிய இடங்களின் பட்டியல். நகரப் பஸ்ஸில் ஏறியதும் நடத்துநர் கேட்கிறார்: "டிக்கெட்டா, டே பாஸா?" உங்களுக்குப் பின்னால் பத்துப் பேர் நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். அரை நிமிடத்தில் விடை சொல்லியாக வேண்டும். என்ன சொல்வீர்கள்?

நான் ஒருமுறை அவசரப்பட்டு விடை சொன்னேன். 2024-ஆம் ஆண்டு ஜனவரியில் எங்கள் கல்லூரி மாணவர் நாற்பது பேரைப் பெங்களூருக்குக் கல்விச் சுற்றுலாவாக அழைத்துச் சென்றிருந்தேன். விசுவேசுவரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகம், கப்பன் பூங்கா, விதான சௌதா, நேரு கோளரங்கம், லால்பாக் என்று பட்டியல் நீண்டிருந்தது. "ஆறு முறையாவது பஸ் ஏறவேண்டி வரும், நாள் சீட்டே லாபம்" என்று தீர்மானித்து, ஆளுக்கு 70 ரூபாய் வீதம் வசூலித்து நாற்பது நாள் சீட்டுகள் வாங்கினேன்.

நடந்தது வேறு. அருங்காட்சியகத்திலேயே பிற்பகல் ஆகிவிட்டது. கப்பன் பூங்கா அதற்கு அடுத்தாற்போலவே இருந்தது. பூங்காவின் ஓரமாக நடந்தால் விதான சௌதா. அங்கிருந்து கோளரங்கத்துக்கு ஒரு பஸ், கோளரங்கத்திலிருந்து பஸ் நிலையத்துக்கு ஒரு பஸ். லால்பாக் விட்டுப் போயிற்று. ஆக மொத்தம் மூன்றே பஸ்கள். தனித்தனியாகச் சீட்டு வாங்கியிருந்தால் 35 ரூபாய்தான் ஆகியிருக்கும். சரியாகப் பாதிப் பணம் வீண். நாற்பது பேருக்கும் சேர்த்து 1,400 ரூபாய்.

இரவு திரும்பும்போது ஒரு மாணவன் மெல்லச் சொன்னான்: "சார், அந்த முப்பத்தைந்து ரூபாய் இருந்திருந்தால் ராத்திரி டிபனுக்கு ஆகியிருக்கும்." அவன் குறையாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னான். இயற்பியல் கற்பிக்கும் ஆசிரியன், எட்டாம் வகுப்பு இயற்கணிதத்தில் தவறிவிட்டேன் என்பது எனக்கு உறைத்தது. அந்தக் கணக்கைத்தான் இங்கே உங்களோடு சேர்ந்து போட்டுப் பார்க்கப் போகிறேன்.

சமநிலைப் புள்ளி

முதலில் எளிய வடிவத்தை எடுத்துக்கொள்வோம். நாள் சீட்டின் விலை 'வி' ரூபாய். ஒரு பயணத்தின் கட்டணம் 'க' ரூபாய். அன்று நீங்கள் மேற்கொள்ளும் பயணங்களின் எண்ணிக்கை 'எ' என்க. தனிச் சீட்டுகளாக வாங்கினால் ஆகும் செலவு எ × க. நாள் சீட்டு வாங்கினால் செலவு வி. எத்தனை முறை ஏறினாலும் அது மாறாது.

ஒரு வரைபடத் தாளை எடுத்து, கிடை அச்சில் பயணங்களின் எண்ணிக்கையையும் செங்குத்து அச்சில் செலவையும் குறியுங்கள். தனிச் சீட்டின் செலவு தொடக்கப் புள்ளியிலிருந்து சாய்வாக மேலேறும் கோடு. நாள் சீட்டின் செலவு 'வி' உயரத்தில் படுத்திருக்கும் கிடைக்கோடு. இரண்டும் ஓரிடத்தில் வெட்டிக்கொள்ளும். அதுவே சமநிலைப் புள்ளி. அங்கே எ = வி ÷ க. அதற்கு இடப்புறம் தனிச் சீட்டு மலிவு. வலப்புறம் நாள் சீட்டு மலிவு.

பெங்களூரில் 2025 ஜனவரியில் கட்டணங்கள் உயர்ந்தன. சாதாரணப் பஸ்களின் நாள் சீட்டு 70 ரூபாயிலிருந்து 80 ரூபாயாயிற்று. குறைந்த கட்டணம் 5 ரூபாயிலிருந்து 6 ரூபாயாயிற்று. உங்கள் பயணங்கள் எல்லாம் 6 ரூபாய்ப் பயணங்களாக இருந்தால், 80 ÷ 6 = 13.33. அதாவது பதினான்கு முறை ஏறினால்தான் நாள் சீட்டு லாபம்! ஒவ்வொன்றும் 18 ரூபாய்ப் பயணமானால், 80 ÷ 18 = 4.44, ஐந்தாவது பயணத்திலேயே லாபம் தொடங்கிவிடும். "எத்தனை முறை ஏறுவீர்கள்" என்று கேட்டால் மட்டும் போதாது. "எவ்வளவு தூரம் போவீர்கள்" என்றும் கேட்கவேண்டும் என்பது இதிலிருந்து விளங்கும்.

உண்மையில் எல்லாப் பயணங்களும் ஒரே கட்டணமாக இருப்பதில்லை. அப்போது வகுக்கவேண்டாம், கூட்டினால் போதும். எடுத்துக்காட்டாக, உங்கள் பட்டியலில் ஆறு பயணங்கள். அவற்றின் கட்டணங்கள் 18, 12, 12, 18, 12, 18 ரூபாய் என்க. கூட்டுத்தொகை 90. நாள் சீட்டு 80. ஆகவே 10 ரூபாய் லாபம். ஆயின், இந்தப் பட்டியலில் ஒரே ஓர் 18 ரூபாய்ப் பயணம் விட்டுப்போனால் கூட்டுத்தொகை 72. லாபம் போய் 8 ரூபாய் நட்டம் வந்துவிடும். சமநிலைப் புள்ளிக்கு மிக அருகில் உள்ள முடிவு, கத்தி முனையில் நிறுத்திய பொருள் போன்றது. சிறிய அசைவும் அதைப் புரட்டிவிடும்.

வரைபடத்துக்கு முன் நகர வரைபடம்

என் தவறு எங்கே நேர்ந்தது? கூட்டலில் அன்று, கூட்டப்பட்ட எண்களில். பட்டியலில் ஐந்து இடங்கள் இருந்ததால், அவற்றை இணைக்க ஆறு பஸ்கள் வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன். அவற்றுள் மூன்று இடங்கள் ஒன்றையொன்று ஒட்டியவை என்பதை நகரத்தின் வரைபடத்தை ஐந்து நிமிடம் பார்த்திருந்தாலே அறிந்திருப்பேன். நடக்கும் தூரத்தில் உள்ள இடங்களை ஒரு வட்டத்துக்குள் அடக்குங்கள். வட்டத்திலிருந்து வட்டத்துக்குச் செல்லத்தான் பஸ் வேண்டும். இடங்களை எண்ணாமல் வட்டங்களை எண்ணுங்கள். பயணங்களின் உண்மையான எண்ணிக்கை கிடைக்கும்.

இன்னொரு செய்தி. யாருக்குச் சீட்டே தேவையில்லை என்பதையும் முதலில் பார்த்துவிட வேண்டும். தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கர்நாடகத்திலும் 2023 ஜூன் 11 முதல் இத்தகைய திட்டம் உண்டு. ஆயின் அது கர்நாடகத்தில் வசிக்கும் பெண்களுக்கு உரியது. சென்னையில் சாதாரணப் பஸ்ஸில் செல்லும் குடும்பம் தாயையும் மகளையும் விட்டுவிட்டுக் கணக்குப் போடலாம். அதே குடும்பம் பெங்களூருக்குச் சென்றால் அவர்களையும் சேர்த்தே போடவேண்டும்.

முழு எண்களின் விளையாட்டு

சமநிலைப் புள்ளி 4.44 என்று வந்தபோது, ஐந்தாவது பயணத்தில் லாபம் என்று சொன்னோம். பயணங்கள் முழு எண்களாகவே நிகழும்; 4.44 முறை பஸ் ஏற முடியாது. அணுவுக்குள் ஆற்றல் படிப்படியாக மாறுவதுபோல், நம் முடிவும் படிப்படியாகவே மாறுகிறது. இதற்கு ஜப்பானின் பழைய தலைநகரான கியோட்டோ ஓர் அழகிய சான்று.

அந்நகரின் மையப்பகுதியில் நகராட்சிப் பஸ்ஸின் கட்டணம் தூரத்தைப் பொறுத்ததன்று. எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் 230 யென். பஸ்களுக்கு மட்டுமான நாள் சீட்டின் விலை முதலில் 500 யென்னாக இருந்தது. 500 ÷ 230 = 2.17. மூன்று முறை ஏறினால் லாபம். 2018 மார்ச்சில் விலையை 600 யென்னாக உயர்த்தினார்கள். 600 ÷ 230 = 2.61. அப்போதும் மூன்று முறைதான்! நூறு யென் ஏறியும், "மூன்று முறை ஏறுவேன்" என்பவரின் முடிவு மாறவில்லை. அவருடைய லாபம் 190 யென்னிலிருந்து 90 யென்னாகக் குறைந்ததே தவிர, லாபம் லாபமாகவே இருந்தது.

2021 அக்டோபரில் விலை 700 யென்னாயிற்று. 700 ÷ 230 = 3.04. மூன்று தனிச் சீட்டுகளின் விலை 690 யென். வெறும் பத்து யென் வேறுபாட்டில், தேவையான பயணங்கள் மூன்றிலிருந்து நான்காகத் தாவிவிட்டன. முதல் நூறு யென் செய்யாததை இரண்டாவது நூறு யென் செய்தது. விலை உயர்வின் அளவு ஒன்றே, விளைவு ஒன்றன்று. படியின் விளிம்பில் நிற்பவனை ஒரு சிறு தள்ளலே அடுத்த படிக்கு இறக்கிவிடும் அல்லவா!

'நாள்' என்பது எது?

அடுத்ததாக, சீட்டில் அச்சிட்ட 'ஒரு நாள்' என்னும் சொல்லை ஆராய்வோம். இரண்டு வகை நாட்கள் உண்டு. ஒன்று நாட்காட்டி நாள். அதாவது எப்போது வாங்கினாலும் அன்றைய பஸ்கள் நிற்கும்வரை. மற்றொன்று 24 மணி நேர நாள். டோக்கியோ நகரின் சுரங்க ரயில்களில் இரண்டாவது வகைச் சீட்டு உண்டு. நுழைவாயில் இயந்திரத்தில் முதல்முறை பயன்படுத்திய நேரத்திலிருந்து 24 மணி கணக்கிடப்படும்.

பிற்பகல் 2 மணிக்கு ஓர் ஊரை அடைந்து, மறுநாள் பிற்பகல் 1 மணிக்குப் புறப்படுபவரை எண்ணிப்பாருங்கள். நாட்காட்டி நாளானால் அவருக்கு இரண்டு சீட்டுகள் வேண்டும். இரண்டும் பாதிப் பாதியே பயன்படும். 24 மணி நாளானால் ஒரே சீட்டு போதும். காலை 7 மணிக்கு இறங்கி இரவு 10 மணிக்குத் திரும்புபவருக்கோ இரண்டும் ஒன்றே. எனவே சீட்டின் விலையை மட்டும் ஒப்பிடாமல், எந்த மணியில் தொடங்கி எந்த மணியில் முடிகிறது என்பதையும் உங்கள் பயண நேரத்தோடு பொருத்திப் பார்க்கவேண்டும்.

இவ்வாறே வேறு மூன்று கேள்விகளும் உள்ளன. எந்த எல்லைக்குள் செல்லும்? விமான நிலையமோ புறநகரோ எல்லைக்கு வெளியே இருந்தால், அந்தப் பயணத்தின் கட்டணத்தை உங்கள் கூட்டலிலிருந்து நீக்கிவிடுங்கள். எந்த வண்டியில் செல்லும்? சாதாரணப் பஸ்ஸின் நாள் சீட்டைக் கொண்டு குளிர்சாதனப் பஸ்ஸில் பெரும்பாலும் ஏற முடியாது. திருப்பித் தரும் வைப்புத்தொகை ஏதேனும் உண்டா? உண்டென்றால், அதைத் திரும்பப் பெறும் முகப்பு நீங்கள் ஊரைவிட்டுக் கிளம்பும் நேரத்தில் திறந்திருக்குமா? திறந்திராவிட்டால் அந்தத் தொகையையும் சீட்டின் விலையோடு சேர்த்தே எண்ணவேண்டும்.

திட்டமும் நடப்பும்

இதுவரை, அன்று எத்தனை பயணங்கள் என்பது நமக்கு முன்னரே தெரியும் என்று கொண்டோம். உண்மையில் தெரியாது. மழை வரலாம், குழந்தை களைத்துப் போகலாம், ஓர் இடமே நாள் முழுவதையும் விழுங்கிவிடலாம். இங்கேதான் நிகழ்தகவு நமக்குக் கைகொடுக்கிறது.

மேலே கண்ட ஆறு பயணத் திட்டம் முழுவதும் நிறைவேறினால் தனிச் சீட்டுகளுக்கு 90 ரூபாய் ஆகும். திட்டம் சுருங்கி மூன்றே பயணங்களானால், இன்றைய கட்டணத்தில் 18 + 12 + 12 = 42 ரூபாய் என்க. நாள் சீட்டு 80 ரூபாய். நாள் சீட்டு வாங்கியபின் திட்டம் நிறைவேறினால் லாபம் 10 ரூபாய். சுருங்கினால் நட்டம் 38 ரூபாய். லாபம் சிறிது, நட்டம் பெரிது என்பதைக் கவனியுங்கள்.

திட்டம் நிறைவேறும் நிகழ்தகவு 'நி' என்றால், சராசரி லாபமும் சராசரி நட்டமும் சமமாகும் இடம்:

10 × நி = 38 × (1 − நி)

இதைச் சுருக்கினால் நி = 38 ÷ 48; ஏறத்தாழ 0.79. அதாவது, இத்தகைய ஐந்து நாட்களில் நான்கு நாட்கள் நம் திட்டம் முழுமையாக நிறைவேறும் என்ற உறுதி இருந்தால்தான் நாள் சீட்டு வாங்குவது தகும். நாற்பது இளைஞர்களை அழைத்துக்கொண்டு அருங்காட்சியகத்துக்குள் நுழையும் ஆசிரியருக்கு அந்த உறுதி இருக்க முடியாது! அன்று இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் தனிச் சீட்டே வாங்கியிருப்பேன்.

இதற்கு மாறான நிலையையும் பாருங்கள். ஒருவர் நகரின் மூலைமுடுக்கெல்லாம் சுற்றும் எண்ணத்தில் வருகிறார். திட்டம் நிறைவேறினால் 140 ரூபாய்க்குப் பஸ் ஏறுவார். சுருங்கினால் அதே 42 ரூபாய். இப்போது லாபம் 60, நட்டம் 38. சமநிலை நிகழ்தகவு 38 ÷ 98, ஏறத்தாழ 0.39. பத்தில் நான்கு வாய்ப்பு இருந்தாலே அவர் துணிந்து நாள் சீட்டு வாங்கலாம். சீட்டு ஒன்றே, விலை ஒன்றே. ஆள் மாறினால் விடை மாறுகிறது.

ரூபாயில் அளக்க முடியாத ஒரு பயனும் நாள் சீட்டுக்கு உண்டு. அடுத்த பயணத்துக்கு ஆகும் கூடுதல் செலவு பூச்சியம். புதிய ஊரில் தவறான பஸ்ஸில் ஏறிவிட்டால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி மாறலாம். பணம் போயிற்றே என்ற கவலை இல்லை. சில்லறை தேட வேண்டியதும் இல்லை. இந்த நிம்மதிக்கு ஐந்து ரூபாயோ பத்து ரூபாயோ கூடுதலாகத் தரலாம் என்று நீங்கள் கருதினால் அது தவறன்று. எவ்வளவு தருகிறீர்கள் என்பது தெரிந்து தரவேண்டும், அவ்வளவே.

எதிர்காலமே தெரியாதபோது

நிகழ்தகவைக்கூட மதிப்பிட முடியாத நிலையும் உண்டு. அப்போது என்ன செய்வது? இதற்கு வாடகை சைக்கிளை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஒரு நாள் வாடகை 40 ரூபாய். புதுச் சைக்கிளின் விலை 4,000 ரூபாய் என்க. எத்தனை நாட்கள் சைக்கிள் தேவைப்படும் என்று உங்களுக்குத் தெரியாது. வேலை நாளைக்கே முடியலாம், ஓராண்டும் நீடிக்கலாம்.

ஓர் எளிய விதி உண்டு. கொடுத்த வாடகை சைக்கிளின் விலையை எட்டும்வரை வாடகைக்கே எடுங்கள். எட்டியபின்னும் தேவை தொடர்ந்தால் சொந்தமாக வாங்குங்கள். வேலை நூறு நாட்களுக்குள் முடிந்துவிட்டால் வாடகை எடுத்ததே சிறந்த முடிவு. உங்களுக்கு எந்த நட்டமும் இல்லை. நூறு நாட்களைத் தாண்டினால் நீங்கள் செலவிட்டது 4,000 + 4,000 = 8,000. எதிர்காலத்தை அறிந்த சோதிடர் ஒருவர் முதல் நாளே வாங்கியிருந்தால் 4,000. ஆக, எது நேர்ந்தாலும் உங்கள் செலவு, அனைத்தும் அறிந்தவரின் செலவைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டாது!

குளிர்நாட்டார் இதனையே பனிச்சறுக்குக் கட்டைகளை வைத்துச் சொல்வதால், இது 'பனிச்சறுக்கு வாடகைச் சிக்கல்' எனப் பெயர் பெற்றது. கணினி அறிவியலார் 1980-களின் பிற்பகுதியிலிருந்து இவ்வகைச் சிக்கல்களை விரிவாக ஆராய்ந்துள்ளனர். அடுத்து என்ன கேட்கப்படும் என்பதை அறியாமலே கணினியின் நினைவகம் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது அல்லவா!

இந்த விதியை நாள் சீட்டுக்கு அப்படியே பொருத்தலாமா? இங்கே எச்சரிக்கை தேவை. சைக்கிள் நெடுங்காலம் உழைக்கும். நாள் சீட்டோ பொழுது சாயச் சாய மதிப்பிழக்கிறது. பிற்பகல் மூன்று மணி; இதுவரை மூன்று 18 ரூபாய்ச் சீட்டுகளுக்கு 54 ரூபாய் கொடுத்துவிட்டீர்கள் என்க. "ஐம்பத்து நான்கு கொடுத்தாயிற்று, இன்னும் இருபத்தாறு சேர்த்தால் நாள் சீட்டே கிடைத்திருக்குமே" என்று மனம் அடித்துக்கொள்ளும். அந்த 54 ரூபாய் போனது போனதுதான். இனி இரண்டே பயணங்கள் எஞ்சியிருந்தால் அவற்றின் விலை 36 ரூபாய். அதற்காக 80 ரூபாய்ச் சீட்டு வாங்குவது அறிவீனம். மேலிருந்து விழும் கல்லின் இனிவரும் இயக்கத்தை அறிய, அதன் இப்போதைய இடமும் திசைவேகமும் போதும். அதை எறிந்தவர் யார், எவ்வளவு நேரத்துக்கு முன் எறிந்தார் என்பவை வேண்டா. பணத்தைப் பற்றிய முடிவும் அவ்வாறே. திரும்பிப் பார்க்காமல், எஞ்சியுள்ளதை மட்டும் கூட்டுங்கள்.

இலண்டன் கண்ட வழி

"பயணியை ஏன் இப்படிச் சோதிடம் பார்க்கவைக்க வேண்டும்? கணக்கை இயந்திரமே போடட்டுமே!" என்று நீங்கள் கேட்கலாம். இலண்டன் நகரம் அதைத்தான் செய்தது. அங்கே 2003-ஆம் ஆண்டில் 'ஆய்ஸ்டர்' என்னும் மின்னணு அட்டை வந்தது. 2005-ஆம் ஆண்டில் அதனோடு 'நாள் உச்சவரம்பு' சேர்ந்தது. ஒவ்வொரு முறையும் அட்டையைத் தொட்டு ஏறுகிறீர்கள், கட்டணம் கழிகிறது. அன்றைய மொத்தம் ஒரு வரம்பை எட்டியதும், அதன்பின் ஏறும் வண்டிகளுக்குக் கட்டணம் இல்லை.

2025-ஆம் ஆண்டில் இலண்டன் பஸ்ஸில் ஒரு பயணம் 1 பவுண்டு 75 பென்ஸ்; பஸ்களுக்கான நாள் உச்சவரம்பு 5 பவுண்டு 25 பென்ஸ். 1.75 × 3 = 5.25. மூன்று பயணங்களுக்குப் பணம்; நான்காவதிலிருந்து இலவசம். ஒரு மணி நேரத்துக்குள் மாறி ஏறும் பஸ்களுக்குத் தனிக் கட்டணம் இல்லாததால், அவை இந்த எண்ணிக்கையிலும் சேர்வதில்லை.

இதன் வரைபடத்தை வரைந்து பாருங்கள். முன்பு நாம் வரைந்த சாய்கோட்டின் வழியே ஏறி, கிடைக்கோட்டைத் தொட்டதும் அதன் வழியே படுத்துவிடுகிறது. அதாவது, இரண்டு கோடுகளில் எது கீழே உள்ளதோ அதன் மேலேயே எப்போதும் செல்கிறது. வெற்றிடக் குழாயில் மின்னழுத்தத்தைக் கூட்டக் கூட்ட மின்னோட்டம் ஏறி, தெவிட்டு நிலையை அடைந்ததும் ஏறாமல் நிற்கும் வரைபடம் உங்களுக்கு நினைவுக்கு வரலாம். வடிவம் ஏறத்தாழ அதுவே. பயணி எதையும் முன்கூட்டித் தீர்மானிக்க வேண்டியதில்லை. மழை வந்தால் கொஞ்சம் செலவு. சுற்றினால் உச்சவரம்பு வரை செலவு. எல்லாம் அறிந்த சோதிடர் கொடுப்பதையே அவரும் கொடுக்கிறார்.

தொடக்கத்தில் இந்தக் கணக்கை அட்டையில் பதிந்த சில்லும் அதைப் படிக்கும் கருவியும் சேர்ந்து போட்டன. பின்னர், 2012 டிசம்பரில் பஸ்களிலும் 2014 செப்டம்பரில் சுரங்க ரயில்களிலும் வங்கி அட்டைகளையே தொட்டுச் செல்லும் முறை வந்தது. அதில் ஒரு நாளின் தொடுகைகள் அனைத்தையும் மையக் கணினி சேர்த்துக் கணக்கிடுகிறது. ஆயின் ஒரு நிபந்தனை: நாள் முழுவதும் ஒரே அட்டையைத் தொடவேண்டும். காலையில் ஓர் அட்டையும் மாலையில் வேறோர் அட்டையும் தொட்டால், கணினிக்கு நீங்கள் இரண்டு வேறு மனிதர்கள்!

மலிவுக்கும் ஒரு விலை

நாள் சீட்டு வாங்குபவருக்கு லாபமா என்று மட்டுமே இதுவரை கேட்டோம். எல்லோரும் வாங்கினால் ஊருக்கு என்ன ஆகும்? மீண்டும் கியோட்டோவுக்குச் செல்வோம்.

நாள் சீட்டு கையில் இருப்பவருக்கு அடுத்த பயணம் இலவசம் என்று கண்டோம். எனவே நடக்கக்கூடிய ஒரு நிறுத்தத் தூரத்துக்கும் அவர் பஸ் ஏறுவார். கோயில்களுக்குச் செல்லும் பஸ்கள் பெரிய பெட்டிகளோடு வந்த சுற்றுலாப் பயணிகளால் நிரம்பி வழிந்தன. வேலைக்கும் மருத்துவமனைக்கும் போகவேண்டிய உள்ளூர் மக்கள் ஏற இடமின்றி நிறுத்தத்திலேயே நின்றனர். பணத்தில் பூச்சியமாகத் தோன்றிய செலவு மறைந்துவிடவில்லை. அது இன்னொருவரின் காத்திருப்பாக உருமாறிற்று.

நகராட்சி விலையை இருமுறை உயர்த்திப் பார்த்தது. இறுதியில், பஸ்களுக்கு மட்டுமான நாள் சீட்டின் விற்பனையை 2023 செப்டம்பர் முடிவில் நிறுத்தியது. வாங்கி வைத்திருந்தவர்களும் 2024 மார்ச் வரையே அதைப் பயன்படுத்த முடிந்தது. அதன்பின் சுரங்க ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் பொதுவான 1,100 யென் நாள் சீட்டே பயணிகளுக்கு எஞ்சியது. கூட்டத்தின் ஒரு பகுதியைத் தரைக்கு அடியில் திருப்புவதே நோக்கம். இதைப் பஸ்ஸுக்கு மட்டுமே பயன்படுத்துபவர் 1,100 ÷ 230 = 4.78, ஐந்து முறை ஏறினால்தான் லாபம். ஒரு சீட்டின் விலையை மாற்றுவதன் மூலம் ஒரு நகரத்தின் மக்கள் ஓட்டத்தையே மாற்ற முயல்கிறார்கள் என்றால், இந்தச் சிறு தாள் எவ்வளவு வலிமையுடையது பாருங்கள்!

உங்கள் ஊரில்

இந்தக் கணக்கு சுற்றுலாவுக்கு மட்டும் உரியதன்று. சென்னை மாநகரப் பஸ்களில் 'விருப்பம்போல் பயணம்' என்னும் மாதச் சீட்டு 2025-ஆம் ஆண்டில் 1,000 ரூபாய். மாதம் 25 நாட்கள் வேலைக்குச் செல்பவர் போக ஒன்று, வர ஒன்று என 50 முறை ஏறுகிறார். 1,000 ÷ 50 = 20. அவர் ஏறும் பஸ்ஸின் கட்டணம் 20 ரூபாய்க்கு மேல் என்றால் மாதச் சீட்டு லாபம், குறைவென்றால் நட்டம். ஒவ்வொரு முறையும் பஸ் மாறி ஏறவேண்டியவருக்கோ 100 பயணங்கள்; அவருக்கு 10 ரூபாய்க் கட்டணமே சமநிலைப் புள்ளி. தொலைவில் வீடு கொண்டவரும் பஸ் மாறிச் செல்பவரும் தயங்காமல் மாதச் சீட்டு வாங்கலாம்; அருகில் வசிப்பவர் கணக்குப் போட்டபின் வாங்கலாம். மாதத்தில் விடுமுறைகள் மிகுந்தால் 25 என்னும் எண் குறையும் என்பதை மறக்கவேண்டாம்.

பெங்களூரின் சீட்டுகளுக்கு நீங்களே போட்டுப் பாருங்கள். 2025 ஜனவரி உயர்வுக்குப் பின் நாள் சீட்டு 80, வாரச் சீட்டு 350, மாதச் சீட்டு 1,200 ரூபாய். நாள்தோறும் நாள் சீட்டு வாங்கும் அளவுக்குச் சுற்றுபவர் எத்தனை நாட்கள் தங்கினால் வாரச் சீட்டு மேல்? எத்தனை நாட்கள் தங்கினால் மாதச் சீட்டு மேல்? முதலாவதற்கு ஐந்து என்றும் இரண்டாவதற்குப் பதினாறு என்றும் உங்களுக்கு விடை வந்தால், இக்கட்டுரையை நீங்கள் நன்கு படித்திருக்கிறீர்கள். பதினைந்தாம் நாளில் என்ன நேர்கிறது என்பதையும் கவனியுங்கள்.

சென்ற ஆண்டு மீண்டும் மாணவர்களை வெளியூர் அழைத்துச் சென்றேன். இம்முறை புறப்படுவதற்கு முதல் நாளே வகுப்பறைக் கரும்பலகையில் நகரின் வரைபடத்தை வரைந்து, நடக்கும் தூர வட்டங்களைப் போடச் சொன்னேன். கட்டணங்களைக் கூட்டியதும் சமநிலைப் புள்ளியைக் கண்டதும் மாணவர்களே. தனிச் சீட்டே போதும் என்று வகுப்பு முடிவு செய்தது. மிஞ்சிய பணத்தில் அனைவரும் சேர்ந்து இரவுச் சாப்பாடு சாப்பிட்டோம்.

அடுத்தமுறை நடத்துநர் உங்களிடம் "டிக்கெட்டா, பாஸா?" என்று கேட்கும்போது, அவருக்குச் சொல்லவேண்டிய விடை முதல்நாள் இரவே ஒரு துண்டுத் தாளில் கூட்டி வைக்கப்பட்டிருக்கட்டும்.